சாந்தோ: நியூ மெக்சிகோவின் மரப் புனிதர்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலும் தெற்குக் கொலராடோவிலும் ஸ்பானிய வம்சாவளிக் கத்தோலிக்கர் வழிபடும் புனிதர் உருவம் 'சாந்தோ'. மரத்தில் முழு உருவாகச் செதுக்கினால் புல்தோ. பலகையில் தீட்டினால் ரெத்தாப்லோ. செய்பவர் சாந்தேரோ.

ஹுவான் தே ஓன்யாதே 1598இல் இங்கே ஸ்பானியக் குடியேற்றத்தைத் தொடங்கினார். 1680இல் புவெப்லோ பழங்குடியினர் கிளர்ந்தெழுந்தபோது தேவாலயங்களும் உருவங்களும் அழிந்தன. புதிய உருவங்களைக் கொண்டுவரும் சரக்கு வண்டிகள் மெக்சிகோ நகரிலிருந்து வந்துசேர மாதக்கணக்கானது, பாதிரிமார்களும் குறைவு. ஆகவே 18ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரர்களே உளி எடுத்தார்கள். நிலப்பட வரைஞரான பெர்னார்தோ மியேரா இ பச்சேகோ முன்னோடிகளில் ஒருவர். பேத்ரோ அந்தோனியோ ஃப்ரெஸ்கிஸ், மோயேனோ, ஹோசே ரஃபாயேல் அரகோன் ஆகியோர் பின்னால் வந்தனர். பலரின் பெயரே தெரியவில்லை.

காட்டன்வுட் மரத்தின் வேர் லேசானது, செதுக்க இணக்கமானது. அதில் உருவம் செய்து, ஜிப்சம் பொடியை விலங்குப் பசையில் குழைத்து வெண்பூச்சு இடுவார்கள். காய்ந்ததும் மண், தாவரச் சாயங்களால் தீட்டி, பைன் பிசினால் மெருகேற்றுவார்கள்.

இவ்வுருவங்களோடு மக்கள் வீட்டு மனிதரோடு பழகுவதுபோலவே பழகினார்கள். உழவர்களின் காவலரான சான் இசித்ரோவை மே 15 அன்று வயல்களுக்கு எடுத்துச் செல்வார்கள். இரவெல்லாம் நடந்து உதவுவதால் குழந்தை இயேசுவின் காலணி தேய்ந்துவிடும் என்று நம்பி, சிமாயோ ஊரில் புதுக் காலணி காணிக்கை வைப்பார்கள். வேண்டுதல் பலிக்காவிட்டால் புனிதரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த வீடுகளும் உண்டு.

1851இல் நியூ மெக்சிகோவின் சாந்தா ஃபே நகருக்கு வந்த பிரெஞ்சுக்காரரான ஆயர் லாமிக்கும் அவருடைய குருமார்களுக்கும் இவை கரடுமுரடாகத் தெரிந்தன. நீண்ட முகமும் அகன்ற கண்ணும் கைத்திறன் குறைவால் வந்தவை அல்ல, பக்தி தேடிக்கொண்ட வடிவம் என்பதை அவர்கள் உணரவில்லை. 1880இல் ரயில் வந்தபின் சுண்ணச் சிலைகளும் அச்சுப் படங்களும் மலிவாகக் குவிந்தன. பெனிதெந்தே என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் சகோதரத்துவத்தாரின் 'மொராதா' வழிபாட்டு வீடுகள்தாம் பழைய உருவங்கள் பலவற்றைக் காத்தன.

ஸ்பானியக் காலனியக் கலைச் சங்கம் 1926இல் சாந்தா ஃபேயில் இத்தகைய மரபுக் கலைப்பொருள்களுக்கான முதல் ஸ்பானியச் சந்தையைக் கூட்டியது. கோர்தோவா ஊரின் ஹோசே தோலோரெஸ் லோபெஸ் வண்ணம் பூசாமல் மரத்தின் நிறத்திலேயே செதுக்கும் பாணியை வளர்த்தார். அவர் மகன் ஜார்ஜ் லோபெஸ் 1982இல் அமெரிக்காவின் தேசிய மரபுக் கலைஞர் விருது பெற்றார்.