மேசைமேல் கிடந்தது யார்?

டாக்டர் படிப்பு எத்தனை வருசம்? நாலரை வருசம் பாடம், ஒரு வருசம் பயிற்சி. முதல் வருசம் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். இரண்டாம் வருசம் நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல். மூன்றாம் வருசம் சட்ட மருத்துவமும் சமூக மருத்துவமும். கடைசியில் பொது மருத்துவம், அறுவை, பிரசவம், குழந்தை மருத்துவம். இதை எந்த மாணவனும் சொல்லிவிடுவான். இந்த வருசங்களில் நம்ம சனங்க எங்கே நின்றார்கள் என்பதை எந்தப் பாடநூலும் சொல்லாது.

பாடத்துக்கு முந்திய கேள்வி, யார் படிக்கலாம் என்பது. சுஸ்ருத சம்ஹிதை மேல் மூன்று வருணத்தாருக்கு உபநயனம் செய்து கற்பிக்கச் சொல்கிறது. நல்ல குலத்துச் சூத்திரனுக்கு மந்திரமும் உபநயனமும் இல்லாமல் கற்பிக்கலாம் என்பது சிலர் கருத்தாம். அதற்குக் கீழே வைக்கப்பட்டவன் பேச்சே இல்லை. அதே நூல் பிணத்தை ஆராயவும் வழி சொல்கிறது: கூண்டில் கட்டி, ஓடும் நீரில் ஏழு நாள் ஊறப்போட்டு, தூரிகையால் தோலைத் தேய்த்துத் தேய்த்து உள்ளே பார்க்க வேண்டும்.

1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தை அறுத்ததைப் பெரும் துணிச்சல் என்று வரலாறு கொண்டாடுகிறது. அவர் சாதிக் கட்டை மீறியது உண்மைதான். ஆனால் பிணத்தைத் தொடுவது யாருக்குத் துணிச்சல்? வெட்டியான் வேலை என்று நம்ம தலையில் கட்டியது அதைத்தானே? அவர் தொட்டால் சாதனை. நம்ம பாட்டன் ஆயுசு பூரா தொட்டால் தீட்டு!

முதல் வருச மாணவன் கை, கால், மார்பு, வயிறு, தலை, மூளை என்று ஒரே உடலைப் பகுதி பகுதியாக அறுத்துப் படிக்கிறான். அந்த உடல் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் 1832ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பாரற்ற ஏழைகளின் பிணத்தைக் கல்லூரிக்குக் கொடுத்தது. சென்னை மாகாணத்தில் அப்படியொரு சட்டம் 1951இல் வந்தது. மேசைமேல் கிடப்பவனுக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆளில்லாமல் சாகிறவன் மிராசுதார் இல்லை.

அதே 1951 ஏப்ரலில்தான், செண்பகம் துரைராஜன் வழக்கில், வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆணைப்படி 14 இடங்களில் 2 நமக்கு. மருத்துவக் கல்லூரியில் இடம் போச்சு என்று வழக்குப் போட்டவர் அங்கே விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. தமிழகம் கொதித்தது. ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து இடஒதுக்கீட்டைக் காத்தது. ஒரே வருசத்தில், செத்த ஏழைக்கு மேசையில் இடம் உறுதியானது. உயிரோடு இருக்கும் ஏழை பெஞ்சில் உட்கார அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது.

சட்ட மருத்துவம் முன்பு இரண்டாம் வருசத்தில் இருந்தது. 2019 பாடத்திட்டத்துக்குப் பிறகு மூன்றாம் வருசம். என் பெரியப்பா ஒருவர் சவக்கிடங்கில் முப்பது வருசம் வேலை பார்த்தார். பதவியின் பெயர் துப்புரவுப் பணியாளர். அவர் சொல்வார்: “மண்டைய ரம்பம் போட்டுத் தொறக்கிறது நானு. ஈரல எடுத்துத் தட்டுல வைக்கிறது நானு. அய்யா தள்ளி நின்னு எழுதுவாரு. திரும்பத் தைக்கிறதும் நாந்தான் தம்பி, கையெழுத்து மட்டும் அவரு. படிக்கிற புள்ளைங்க அது என்ன, இது என்னன்னு எங்கிட்டத்தான் கேக்கும்.” அப்படிக் கேட்டுப் படித்தவர்களில் ஒருவர்கூட அவரை வாத்தியார் என்று கூப்பிட்டதில்லை.

அந்த அறையில் எழுதப்படுவது நமக்கு உயிர்ப் பிரச்சினை. 2015இல் கோகுல்ராஜின் உடல் தண்டவாளத்தில் தலை துண்டாகிக் கிடந்தது. தற்கொலை என்று ஜோடிக்கப்பட்டது கொலைதான் என்று 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்படிப்பட்ட சாவுகளில் நமக்காகப் பேசுவது பிரேதப் பரிசோதனைதான்.

சமூக மருத்துவம் குடிநீரைப் பற்றிப் பாடம் நடத்துகிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. தண்ணீரைப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தொட்டிக்குள் மலம் கிடந்தது. கிருமியின் பெயரைப் பாடநூல் சொல்லும். தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் அது எப்படி வந்தது என்பது எந்தப் பாடத்தில் வரும்?

கடைசி வருசம் பிரசவம். நம்ம கிழவிகள் பல ஊர்களில் ஊர்த்தெருவுக்கும் பிரசவம் பார்த்தவர்கள். கொல்லை வழியாக வந்து, தொப்புள்கொடி அறுத்து, கொல்லை வழியாகவே போனவர்கள். அவர்கள் அறிவுக்கு எந்தப் பட்டமும் கிடைக்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, 2017இல், மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா 1200க்கு 1176 வாங்கியும் நீட் வாசலில் நிறுத்தப்பட்டாள். அவளை நாம் இழந்தோம்.

மருத்துவம் படிக்கும் தம்பிகளே, தங்கைகளே! முதல் நாள் மேசை முன் நிற்கும்போது, கிடப்பது யார் என்று கேளுங்கள். சவக்கிடங்கில் ரம்பம் பிடிக்கும் பெரியவரிடம் உட்கார்ந்து பேசி, அவருக்குத் தெரிந்ததை எழுதி வையுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில், எழுதியவர் பெயரோடு அறுத்தவர் பெயரும் வர வேண்டும் என்று கேளுங்கள். நூற்றாண்டுகளாகச் செய்த வேலைக்கு ஒரு கையெழுத்து. அதிலிருந்து தொடங்குவோம்.