தணிகைக்கு எத்தனை தொலைவு?

சென்னை, திருப்பதி விமான நிலையங்களுக்கு இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பறக்கும் ஊர்திக்கு அஃது அரைமணி நேரப் பயணம். நிலத்தின் வழியே இருப்புப்பாதையில் செல்வோரையோ, இடையில் ஒரு குன்று நிறுத்திப் பார்க்க வைக்கிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 82 கிலோமீட்டரில், அரக்கோணத்திற்கு வடக்கே அமைந்த திருத்தணிகையே அது. இவ்வூரின் தொலைவைக் கிலோமீட்டர்க் கணக்கால் மட்டும் அளந்துவிட இயலாது என்பதற்கு வரலாறே சான்று.

திருவண்ணாமலை தந்த அருணகிரிநாதர் தணிகைக்குத் திருப்புகழ் பாடினார். கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் இயற்றினார். காசியிலிருந்து மீண்ட முத்துசுவாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையை இக்குன்றிலேயே பாடினார் என்பது இசையுலக மரபு. இராமலிங்க வள்ளலாரோ இளமையில் சென்னை இல்லத்தில் கண்ணாடியின் முன் அமர்ந்து தணிகை முருகனைக் கண்டார் என்பர். அவருக்குத் தொலைவென்பதே இல்லாது போயிற்று.

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இரயில் ஓடத் தொடங்கியது. பின்னர் அரக்கோணத்திலிருந்து வடமேற்கே நீண்ட பாதை, திருத்தணியைத் தொட்டுச் சென்று, 1871-இல் இராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. நாள்கணக்கான நடைப்பயணம் மணிக்கணக்காகச் சுருங்கிற்று.

ஆயினும், இரும்பு குறைத்த தொலைவை ஆட்சிக்கோடு கூட்டியது. 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் திருத்தணி இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது, அம்மாவட்டத்தோடு இவ்வூரும் அங்கே சென்றது. இரயில் முன்போலவே ஓடிற்று. சென்னையோ வேற்று மாநிலத் தலைநகராயிற்று. வடவேங்கடத்தைத் தமிழ்கூறும் நல்லுலகின் எல்லையாகக் கூறும் தொல்காப்பியப் பாயிரத்தை நெஞ்சில் கொண்டோர் வாளாவிருக்கவில்லை. எல்லைப்புற ஊர்களில் தமிழ் கற்பித்து வந்த மங்கலங்கிழாரும், தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சிவஞானமும், திருத்தணி கே.விநாயகமும் வடக்கெல்லைக் கிளர்ச்சிக்கு உயிரூட்டினர். படாஸ்கர் வகுத்த தீர்வின்படி 1959-இல் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அந்நாளைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. ஈடாகத் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்திற்குச் சென்றன. வேங்கடம் மீளவில்லை, தணிகை மீண்டது. வென்றவர் மகிழ்ந்த அந்நாளில், அங்கும் இங்குமாகச் சில சிற்றூர்கள் தாம் அறியாத தலைநகரங்களை நோக்கித் திரும்ப நேர்ந்தது என்பதையும் வரலாறு எழுதும் கை மறத்தலாகாது.

இன்று பொன்பாடியைக் கடந்தால் ஆந்திர எல்லை. ஆனால் மலையேறும் 365 படிகளில் அக்கோடு இல்லை. ஆண்டின் நாளுக்கொன்றாக எண்ணப்படும் அப்படிகளில், வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிய படிவிழா டிசம்பர் 31-இல் நடைபெறுகிறது. தமிழும் தெலுங்கும் பேசுவோர் ஒருவர் பின் ஒருவராக ஏறுகின்றனர். அவர்கள் அனைவர்க்கும் தணிகை ஒரே தொலைவில்தான் இருக்கிறது.