தேடுபொறியில் இடம் இழந்த தளங்கள்: ஒரு வரலாறு

தேடுபொறியின் முதல் பக்கத்தில் தோன்றிவந்த ஓர் இணையதளம் பின்னுக்குப் போவதைத் தரவரிசைச் சரிவு என்பர். தளம் நடத்துவோர் பலர் இதைத் தண்டனை என்றே எண்ணுகின்றனர். தண்டனை அதன் காரணங்களுள் ஒன்று மட்டுமே. 2011 பிப்ரவரியில் அமெரிக்காவில் இரண்டு வார இடைவெளியில் நிகழ்ந்த இரு சரிவுகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன.

பின்னணி

1990களின் நடுவில் அல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள், தேடிய சொல் ஒரு பக்கத்தில் எங்கே, எத்தனை முறை வருகிறது என்பதையே பெரிதும் நம்பின. இதை அறிந்தவர்கள் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு முறை எழுதிவைத்தனர். படிப்பவர் கண்ணுக்கு அது தெரியாது, இயந்திரத்துக்குத் தெரியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் வேறு வழி கண்டனர். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குத் தரும் இணைப்பை அவர்கள் பரிந்துரையாகக் கொண்டனர். பலரால் பரிந்துரைக்கப்பட்ட பக்கம் தரும் பரிந்துரைக்கு எடை அதிகம். 'பேஜ்ரேங்க்' எனப் பெயர் பெற்ற இம்முறையை அடிப்படையாகக் கொண்டு 1998இல் கூகுள் நிறுவனம் தொடங்கியது.

பரிந்துரைக்கு மதிப்பு வந்ததும் அது விலைக்கும் வந்தது. இணைப்புகளை விற்கவும் வாங்கவும் ஒரு சந்தையே உருவாயிற்று. 2003 நவம்பரில் கூகுள் தன் கணிப்பு விதிகளை மாற்றியபோது, கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் காத்திருந்த சிறு வணிகர்கள் பலரின் தளங்கள் பின்னுக்குப் போயின. இம்மாற்றம் 'ஃபுளோரிடா' என அழைக்கப்படுகிறது. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் தளம் தேடல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. இயந்திரத்துக்குச் சொற்கள் நிறைந்த பக்கத்தையும் வருகையாளருக்கு வேறு பக்கத்தையும் காட்டியதே குற்றம். அப்பக்கங்களை அகற்றியபின் சில நாள்களில் அது மீண்டும் சேர்க்கப்பட்டது.

பென்னியின் இரண்டு மணி நேரம்

ஜே.சி. பென்னி 1902இல் தொடங்கிய பெரிய சில்லறை வணிக நிறுவனம். 2010 இறுதியின் பண்டிகைக் காலத்தில் உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என எதைத் தேடினாலும் அதுவே முதலில் வந்தது. நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் டேவிட் சீகல் இதை ஆராய்ந்தார். 2,000க்கும் மேற்பட்ட பக்கங்களில் பென்னிக்கு இணைப்புகள் இருப்பது தெரியவந்தது. சூதாட்டம் பற்றிய தளத்திலும்கூட உடைகளுக்கான இணைப்பு இருந்தது! செய்தித்தாள் கேட்ட பிறகே கூகுள் கையால் நடவடிக்கை எடுத்தது. பிப்ரவரி 9 மாலை 7 மணிக்கு ஒரு பயணப்பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த பென்னி, 9 மணிக்கு 71ஆம் இடத்தில் இருந்தது. அந்த இணைப்புகளுக்குத் தாங்கள் அனுமதி தரவில்லை என்று நிறுவனம் கூறியது. தேடல் ஆலோசகரையும் விலக்கியது.

பாண்டாவும் பெங்குவினும்

அதே மாதம் 24ஆம் நாள் கூகுள் அறிவித்த மாற்றம் வேறு வகை. யார் பெயரும் அதில் குறிக்கப்படவில்லை. அமெரிக்கத் தேடல்களில் 11.8 விழுக்காட்டை அது பாதித்தது. அதில் பணியாற்றிய பொறியாளர் நவநீத் பாண்டாவின் பெயரே அதற்கு அமைந்தது. கரடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மக்கள் எதைத் தேடுகிறார்கள் எனக் கணக்கிட்டு, குறைந்த கூலிக்கு ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுதிக் குவிக்கும் தளங்களே அதன் இலக்கு. இந்தத் தளத்தை நம்பிக் கடன் அட்டை எண்ணைத் தருவீர்களா, இது சொல்லும் மருந்தைக் குழந்தைக்குக் கொடுப்பீர்களா என்பன போன்ற கேள்விகளை மதிப்பீட்டாளர்களிடம் கேட்டு, அவர்கள் நம்பிய தளங்களையும் நம்பாத தளங்களையும் வேறுபடுத்தும் கூறுகளைக் கணினி கண்டறிந்தது.

பாண்டா ஒரு பக்கத்தை மட்டும் எடைபோடவில்லை. தளம் முழுவதையும் எடைபோட்டது. ஆகவே சாரமற்ற பக்கங்கள் மிகுந்த தளத்தில் இருந்த நல்ல கட்டுரைகளும் சேர்ந்தே சரிந்தன. கையால் தரப்பட்ட தண்டனை என்றால் பிழையைத் திருத்தி மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். பாண்டாவுக்கு அந்த வழி இல்லை. கணிப்பு மீண்டும் ஓடும்வரை காத்திருக்க வேண்டும். விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்து 2012 ஏப்ரலில் வந்த 'பெங்குவின்' இதில் இன்னும் கடுமையானது. 2014 அக்டோபருக்குப் பின் அதன் அடுத்த பதிப்பு 2016 செப்டம்பரில்தான் வந்தது. இடையில் தவற்றைத் திருத்திக்கொண்டவர்களும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. திருந்தியவனுக்கும் திருந்தாதவனுக்கும் ஒரே நிலை என்பது நியாயமான ஏற்பாடு அன்று. 2016க்குப் பின் பெங்குவின் அன்றாடக் கணிப்பின் பகுதியாகி, போலி இணைப்புகளைக் கணக்கில் கொள்ளாமல் விடும் முறைக்கு மாறியது.

காரணத்தைப் பிரித்தறிதல்

கையால் எடுத்த நடவடிக்கை என்றால் கூகுளின் 'சர்ச் கன்சோல்' பகுதியில் தள உரிமையாளருக்கு அறிவிப்பு வரும். அறிவிப்பு இல்லையென்றால், சரிந்த நாளையும் கூகுள் தன் மாற்றங்களை அறிவித்த நாளையும் ஒப்பிட வேண்டும். முகவரி மாற்றியபோது பழைய பக்கத்திலிருந்து புதியதற்கு வழிகாட்டாமல் விட்டிருக்கலாம். இயந்திரத்தை உள்ளே விடாதே என்ற கட்டளை தவறுதலாக இடப்பட்டிருக்கலாம். இவை வெறும் பராமரிப்புப் பிழைகள். எதுவுமே நடக்காமலும் இடம் இறங்கலாம். வகுப்பில் 92 மதிப்பெண்ணுடன் முதலாவதாக இருந்த மாணவி, அடுத்த தேர்விலும் 92 பெற்று ஐந்தாவதாக வருவதுண்டு. மற்ற நால்வர் கூடுதலாகப் பெற்றிருப்பர்.

கடைசி வகையை மெட்டாஃபில்டர் தளத்தில் காணலாம். 1999இல் தொடங்கிய இத்தளத்தில் கேள்வி பதில்களைப் பணியாளர்கள் கவனமாகக் கண்காணித்தனர். இணைப்பு வாங்கும் வழக்கமும் இல்லை. 2012 நவம்பரில் கூகுள் வழி வந்த வருகை ஒரே நாளில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. விளம்பர வருவாய் மீளவில்லை. 2014 மே மாதத்தில் நிறுவனர் மேத்யூ ஹாவி, பணியாளர் சிலரை நிறுத்த வேண்டியதாயிற்று என்று வெளிப்படையாக எழுதினார். அது தரமான தளமே என்று கூகுளின் மேட் கட்ஸ் பின்னர் ஒப்புக்கொண்டார். அதற்குள் வாசகர்களே மாதந்தோறும் நன்கொடை அளித்துத் தளத்தைத் தாங்கத் தொடங்கியிருந்தனர்.