உறுப்பின் மேலேயே பெயர்

அக்கா மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தன் இடது கையில் பேனாவால் ரத்தக்குழாய் வரைந்துகொண்டிருந்தாள். வெளிநாட்டில் மருத்துவம் முடித்தவள். இங்கே மருத்துவராகப் பதிவு செய்யத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். முதல் தடவை உடற்கூறியலில் சறுக்கிவிட்டாள்.

"அப்போ சும்மா வாசிச்சுக்கிட்டே இருந்தேன் மாமா. இப்போ படத்துல பேரையெல்லாம் காகிதம் வச்சு மறைச்சிட்டு, நானா சொல்லிப் பாக்குறேன். தப்பாச் சொன்னா நாளைக்கு மறுபடி அதேதான்."

அவள் மறைக்கிற அந்தப் பெயர்கள் படத்துக்குள் எப்படி வந்தன என்று தேடப்போய்த்தான் ஹென்றி வான்டைக் கார்ட்டரிடம் வந்து சேர்ந்தேன்.

1858இல் லண்டனில் வெளிவந்த 'கிரேயின் உடற்கூறியல்' எல்லாருக்கும் தெரியும். எழுதியவர் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் ஹென்றி கிரே. படங்கள் வரைந்தவர் கார்ட்டர். அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தார், எம்.டி. பட்டத்துக்கும் படித்துக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து சடலங்களை அறுத்தார்கள். கார்ட்டர் வரைந்தார். அச்சுக்கான மரக்கட்டையில் இடம் வலம் மாற்றி வரைய வேண்டும், நினைத்தாலே தலை சுற்றுகிறது.

அதுவரை பல பாடநூல்களில் உறுப்பின் மேல் எண்ணோ எழுத்தோதான் இருக்கும். பெயரைத் தெரிந்துகொள்ளப் படத்துக்குக் கீழே உள்ள பட்டியலுக்குப் போய்விட்டு வர வேண்டும். கண் ஏறி இறங்குவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். கார்ட்டரின் படங்களில் பெயர் உறுப்பின் மேலேயே இருக்கிறது. தமனி வளைந்தால் பெயரும் கூடவே வளைகிறது. இடமும் பெயரும் ஒரே பார்வையில் மனதில் ஒட்டுகின்றன. பரீட்சைக்குப் படித்துக் களைத்தவனுக்குத்தான் இப்படி வரையத் தோன்றும் என்பது என் எண்ணம்.

அறுக்கப்பட்டவர்கள் யார்? 1832ஆம் ஆண்டுச் சட்டம், உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் சடலங்களை மருத்துவப் பள்ளிகளுக்குத் தரலாம் என்றது. அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு நரம்புக்கும் பெயர் இருக்கிறது. அந்த மனிதர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை.

கார்ட்டர் பெயரே தப்பிப் பிழைத்ததுதான். முகப்புப் பக்கத்தின் அச்சுப்படி வந்தபோது, அவர் பெயரைச் சின்ன எழுத்தாக்கச் சொன்னவர் கிரே. விற்கும் ஒவ்வோர் ஆயிரம் பிரதிக்கும் கிரேவுக்கு 150 பவுண்டு. கார்ட்டருக்கு ஒரே தடவை 150 பவுண்டு, அவ்வளவுதான். 1861இல் கிரே பெரியம்மையில் இறந்தார், வயது 34. புத்தகம் இன்றுவரை அவர் பெயரில்தான் ஓடுகிறது.

புத்தகம் வெளிவருவதற்குள் கார்ட்டர் பம்பாய்க்குக் கப்பலேறிவிட்டார். அங்கே கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தார், தொழுநோயை ஆராய்ந்தார். கால் வீங்கி, புண் வைத்து, சீழோடு குருணை குருணையாக வெளிவரும் ஒரு நோயையும் விடாமல் பார்த்தார். வெறுங்காலோடு வயலில் நிற்கிறவர்களுக்கு வருவது அது. மதுரைப் பக்கம் பார்த்து எழுதிய மருத்துவர்களால் அதற்கு 'மதுரைக் கால்' என்றே பெயர்.

இதை அக்கா மகளிடம் சொன்னேன்.

"மதுரைக் காலா? மைசிடோமா மாமா! அது பரீட்சையில வரும்."

அந்த மைசிடோமா என்ற பெயரை வைத்தது கார்ட்டர்தான், 1860இல், என்றேன். அவள் ஒரு நிமிடம் பேனாவை நிறுத்தினாள். பிறகு புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி, அவர் பெயர் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள்.