கொங்குநாட்டின் கம்பும் கிணற்று நீரும்

கோயம்புத்தூர், ஈரோடு, நாமக்கல் முதலிய மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்குநாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்தது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மலைக்கு அப்பாலேயே பொழிந்துவிடுவதால், இங்குள்ள சமவெளியின் பல பகுதிகளில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழையே கிடைக்கிறது. ஒரு போக நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும். கம்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். பவானி, நொய்யல், அமராவதி ஆற்றுப் பாசனத்திலும், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் காளிங்கராயன் வாய்க்காலின் கரையிலும் நெல் விளைந்ததே தவிர, எஞ்சிய மேட்டு நிலத்தின் பெரும்பகுதி கம்பும் சோளமும் சாமையும் விளையும் மானாவாரிக் காடாக, அதாவது மழையை மட்டுமே நம்பிய புன்செய்யாக இருந்தது. அரிசிச் சோறு தீபாவளிக்கும் விருந்துக்கும் உரியதாக ஒதுங்க, அன்றாட வயிற்றை நிரப்பியவை கம்மஞ்சோறும் ராகிக் களியுமே.

கிணறு வெட்டிப் பயிரிட்ட தோட்டங்களிலும் நீர் எளிதில் கிடைத்த பொருளன்று. எருதுகள் இரண்டு சரிவான தடத்தில் இறங்கிச் செல்ல, வடக்கயிற்றில் கட்டிய சால் என்னும் நீர்மொள்ளும் கலம் நிறைந்து மேலேறும்; அதன் அடியிலுள்ள தும்பி என்னும் தோற்குழாயை வால்கயிறு விடுவித்ததும் நீர் தொட்டியில் கொட்டும்; பிறகு எருதுகள் பின்னோக்கி ஏற, சால் மீண்டும் கிணற்றுக்குள் இறங்கும். கவலை எனப்படும் இம்முறையில் விடியலுக்கு முன்பே தொடங்கி இறைத்தாலும் சிறிதளவு நிலமே நனைந்தமையால், எதை விளைவித்து எதை உண்பது என்பதை எருதின் உழைப்பும் கிணற்றின் ஊற்றுமே தீர்மானித்தன. இந்தத் தானிய உணவை அறியாமையால் நேர்ந்த எளிமை எனக் கருதுவது பெரும்பிழை. நிலத்தின் கொள்ளளவை நன்கறிந்து அமைத்துக்கொண்ட உணவு அது.

ஆயினும் அந்த உணவின் சுமை பெண்கள் மேல் விழுந்தது என்பதை மறைத்துவிட்டு அதைப் போற்றுவது நேர்மையாகாது. கம்பை நீர் தெளித்து உரலில் இட்டுத் தவிடு நீங்கும்வரை இடித்து, முறத்தில் புடைத்து, மறுபடியும் இடித்து உடைத்த பின்னரே உலையில் இட முடியும். ஆலையில் தீட்டிய அரிசி கைக்கு எட்டியபோது உரலைக் கைவிட்டவர்களைக் குறைகூற இயலாது.

1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் திட்டம் கோவைக்கு மின்சாரம் கொண்டுவந்ததைத் தொடர்ந்து மின்மோட்டார்கள் பெருகி, சில பத்தாண்டுகளில் கவலை மறைந்தது. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசமானபின் இறைக்கும் நீருக்கு உழைப்பின் கணக்கும் இல்லை, காசின் கணக்கும் இல்லை. திறந்தவெளிக் கிணறுகள் வற்ற வற்ற ஆழ்துளைக் கிணறுகள் கீழே இறங்கின. மறுபுறம், பொது விநியோகத் திட்டத்தின் அரிசி 2008இல் கிலோ 1 ரூபாய்க்கும், 2011 முதல் விலையின்றியும் கிடைத்தது. பசியை விரட்டிய இத்திட்டத்தின் பெருமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது; ஆனால் நியாய விலைக் கடையில் பெரும்பாலும் அரிசியே கிடைத்தமையால் கம்பு விதைத்தவருக்குத் தம் ஊரிலேயே வாங்குவோர் குறைந்தனர்.

மாற்றத்தை அரிசியோடு மட்டும் நிறுத்திவிடவும் கூடாது. நாமக்கல்லில் முட்டைக் கோழிப் பண்ணைகளும் பல்லடத்தில் கறிக்கோழிப் பண்ணைகளும் வளர்ந்ததையொட்டி, மனிதர் உண்ட தானியத்தின் இடத்தில் கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம் பரவியது. மனிதர் நேரே உண்ணும் தானியத்தைவிட, கோழிக்குத் தீவனமாகி இறைச்சியாக மாறும் தானியம் ஒரு வேளை உணவுக்குக் கூடுதல் நீரைக் கோருகிறது. ஓர் உணவுப் பொருள் விளைந்து உருவாக மறைமுகமாகச் செலவாகும் இந்நீரையே ஆய்வாளர்கள் ‘மறைநீர்’ என்கின்றனர்.

2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாய விலைக் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்கு மாற்றாக 2 கிலோ ராகி வழங்கும் திட்டம் தொடங்கியது. ராகிக்கு நீக்கவேண்டிய தடித்த உமி இல்லை, நேரே மாவாக்கலாம் என்பதால் அது முதலில் திரும்பி வந்தது இயல்பே. சாமையும் வரகும் திரும்பிவர, உரலின் வேலையைச் செய்யும் உமிநீக்கும் இயந்திரம் ஊர்தோறும் வேண்டும்.