நம் கூழுக்கு விதை தந்தவர்கள்

கிளமெண்டியில் புளோக்குக்குக் கீழே இருக்கும் நம்மவர் மளிகைக் கடைகளில் இப்போது சிறுதானியங்களுக்கென்றே ஓர் அடுக்கு இருக்கிறது. கம்பு, வெள்ளைச் சோளம், கேழ்வரகு மாவு, அவற்றோடு தட்டைப்பயறு. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. தேக்கா வரை போகாமலே இவற்றை வாங்க முடிகிறது. பொட்டலத்தின் மேல் ஏரும் உழவனும், கீழே ‘நம் பாரம்பரிய உணவு’ என்ற வரி. அந்த வரியில் பொய் இல்லை. நூறு தலைமுறைகளுக்கும் மேலாக விதைத்து, அறுத்து, இடித்து, கூழாகவும் களியாகவும் உண்டு வளர்ந்த பயிர்கள் இவை. ஆனால் இந்த நான்கையும் காட்டுச் செடியிலிருந்து முதன்முதலில் பயிராக்கியவர்கள் ஆப்பிரிக்க உழவர்கள்.

இந்த ஆப்பிரிக்கத் தொடரில் கடந்த வாரங்களில் மாலிப் பேரரசர் மன்சா மூசாவின் தங்கத்தையும் பெனின் நகரத்தின் பித்தளைச் சிற்பங்களையும் பார்த்தோம். அவை அரசர்களின் சாதனை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதால் கண்ணில் படுகின்றன. இந்த வாரம் பேசப்போவது பெயர் தெரியாத மனிதர்களின் சாதனையைப் பற்றி. என்னைக் கேட்டால், அரண்மனைகளைவிட இதுதான் பெரிது.

கம்பிலிருந்து தொடங்குவோம். மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் வடகிழக்கே தில்லெம்சி என்றொரு பள்ளத்தாக்கு. இன்று சகாராவின் ஓரத்தில் காய்ந்து கிடக்கும் அந்த நிலத்தில் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு மாடு மேய்ப்பவர்கள் வாழ்ந்தார்கள். பானை வனையும்போது களிமண் வெடிக்காமல் இருக்க அதில் உமியைக் கலந்து பிசைவது அவர்கள் வழக்கம். சூளையில் உமி எரிந்து போகும்; அது இருந்த இடம் மட்டும் மண்ணுக்குள் அச்சாகப் பதிந்து நிற்கும். உடைந்த ஓடுகளில் இருந்த அந்த அச்சுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், 2011இல் முடிவை வெளியிட்டார்கள்: அது காட்டுக் கம்பு அல்ல, விதைத்து அறுத்த கம்பு.

உமியின் அச்சை வைத்து அதை எப்படிச் சொல்ல முடியும்? காட்டுக் கம்பில் மணி முற்றியதும் தானாக உதிர்ந்துவிடும். செடிக்கு அதுதான் நல்லது. விதை மண்ணில் விழுந்தால்தான் அடுத்த மழைக்கு முளைக்கும். மனிதருக்கு அதனால் பயனில்லை. கதிரை அறுக்கப் போகும்போது பாதி மணி புழுதியில் கிடக்கும். எங்கோ ஒரு செடியில் பிறவிக் கோளாறாக மணி உதிராமல் கதிரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அறுப்பவர் கையோடு வீட்டுக்கு வருவது அந்த மணிதான், மறுவருடம் விதைக்கப்படுவதும் அதுதான். இப்படியே விதைத்து அறுத்து விதைத்து, உதிராத கம்பு மட்டும் வயலில் நிற்கும் நிலை வந்தது. உதிரும் வகையில் மணிக்கொத்து காம்பில்லாமல் தண்டோடு ஒட்டியிருக்கும். பயிரான வகையில் அடியில் சிறு காம்பு இருக்கும். தில்லெம்சிப் பானை ஓடுகளில் பதிந்திருந்தது அந்தக் காம்பின் அச்சு.

சோளத்தின் கதை சூடானில். கசலா நகரத்தின் பக்கம், கேஜி23 என்று தொல்லியலாளர்கள் எண்ணிட்ட ஓர் இடத்தில் கிடைத்த பானை ஓடுகள் கி.மு. 3500க்கும் 3000க்கும் இடைப்பட்டவை. 1980களில் தோண்டியெடுத்தவை, அவற்றிலிருந்த உமி அச்சுகளைப் படித்துச் சொன்னது 2017இல். அதில் என்னைக் கட்டிப்போட்ட செய்தி, காட்டுச் சோளத்தின் தடமும் பயிர்ச் சோளத்தின் தடமும் கலந்தே இருந்ததுதான். காடு வயலாக மாறிக்கொண்டிருந்த காலம் அந்த ஓடுகளில் சிக்கியிருக்கிறது. கேழ்வரகு எத்தியோப்பியா, உகாண்டா பக்கத்து மேட்டு நிலங்களில் பிறந்தது. தட்டைப்பயறு மேற்கு ஆப்பிரிக்காவுடையது. இன்றைய கானாவில் கிந்தம்போ பண்பாட்டைச் சேர்ந்த மக்கள் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பே அதைச் சமைத்திருக்கிறார்கள்.

இவை கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டில் ஒவ்வொன்றாக இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்து சேர்ந்தன. கர்நாடகத்தின் ஹல்லூர் போன்ற பழைய ஊர்களின் மண்ணில் ஆப்பிரிக்கப் பயிர்களின் கருகிய மணிகள் கிடைத்திருக்கின்றன. சாமையும் வரகும் நம் மண்ணிலேயே பயிரானவை. தினை சீனத்தின் வடபுலத்தில் பயிரானது. ஆகவே நம் சிறுதானியச் சமையலில் மூன்று உலகத்து உழவர்களின் உழைப்பு கலந்திருக்கிறது. இதைச் சொன்னால் நம் பெருமை குறைந்துவிடும் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்த விதையை வானம் பார்த்த பூமியில் நிலைநிறுத்தியது நம் முன்னோரின் திறமை. அது அப்படியே இருக்கும்.

பயிரோடு நிற்கவில்லை. கழுதையைப் பழக்கியவர்களும் ஆப்பிரிக்கர்களே. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன், கிழக்கு ஆப்பிரிக்காவில். பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்து வணிகச் சாத்து போகும் வழியைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியிருக்கிறாரே, அங்கே பொதி சுமப்பவை கழுதைகள். அந்தக் காலத்து மிளகு எங்கே போனது என்பதற்கும் சான்று ஆப்பிரிக்க மண்ணில்தான் இருக்கிறது. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகம். அங்கே கோயில் முற்றத்தில் புதைத்து வைத்திருந்த இந்தியத் தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் பெரெனிகேயிலும், அதே கரையில் குசெய்ர் அல்-கதீமிலும் கிடைத்திருக்கின்றன. இந்தச் செய்தியைத் தமிழ் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ரோமாபுரியோடு வணிகம் செய்தோம் என்று முடித்துவிடுகிறார்கள். கப்பல் போய்ச் சேர்ந்த கரை ஆப்பிரிக்கக் கரை என்பது பேச்சில் வருவதே இல்லை.

ஏன் வருவதில்லை? ஆப்பிரிக்கர்களுக்கு வரலாறே கிடையாது என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகத்துக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். கல்லால் கட்டியதைக்கூட விட்டுவைக்கவில்லை. தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் மகா சிம்பாப்வே என்ற நகரம் இருக்கிறது. சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய அதன் பெரிய சுற்றுமதில் சில இடங்களில் 11 மீட்டர் உயரம். சுற்றளவு 250 மீட்டர். 1871இல் அங்கே போன ஜெர்மானியர் கார்ல் மௌக், வாசல் நிலைக்கு மேல் இருந்த மரத்தில் ஒரு சிராயை வெட்டி, தன் பென்சில் மரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதாகப் பட்டது. பென்சில் தேவதாரு வகை மரம். ஆகவே வாசல் மரமும் லெபனானிலிருந்து வந்த தேவதாரு. ஆகவே கட்டியவள் விவிலியத்தில் வரும் ஷேபா நாட்டு அரசி! ஒரு பென்சிலை வைத்து ஒரு மக்களின் நகரத்தையே பறித்துவிட்டார்கள். 1905இல் தொல்லியலாளர் ரண்டால்-மக்கைவரும், 1929இல் கெர்ட்ரூட் காட்டன்-தாம்சனும் தோண்டிப் பார்த்து, இது ஆப்பிரிக்கர்கள் கட்டியதே என்று எழுதினார்கள். அன்று ரொடீசியா எனப்பட்ட அந்நாட்டை ஆண்ட வெள்ளையர் அரசு அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. உண்மையைச் சொன்ன தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. 1980இல் விடுதலை பெற்ற மக்கள் அந்த நகரத்தின் பெயரையே தங்கள் நாட்டுக்குச் சூட்டினார்கள். அந்த மதிலைக் கட்டியவர்கள் உண்டதும் சோளமும் கேழ்வரகும் கம்பும்தான்.

மதிலையே மறுத்தவர்கள் விதையைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உதிராத கதிரைத் தேர்ந்தெடுத்த கைக்குக் கல்வெட்டு கிடையாது.

எத்தியோப்பியாவின் தெற்கே கொன்சோ மக்களிடம் போனால் அந்த உழவின் அறிவை இன்றும் நேரில் பார்க்கலாம். கரடுமுரடான மலைச்சரிவு, நம்பியிருக்க முடியாத மழை. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சரிவு முழுவதும் கல் அடுக்கிப் படிப்படியாக வயல் அமைத்திருக்கிறார்கள். சில இடங்களில் கல்சுவர் 5 மீட்டர் உயரம். மழை பெய்தால் ஒவ்வொரு படியும் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு, மிகுந்ததை மட்டும் அடுத்த படிக்கு விடும். மண் கரைந்து ஓடாது. விளைவது முக்கியமாகச் சோளம். ஊர்ப் பொதுவிடத்தில் தலைமுறைக்கு ஒரு மரக் கம்பம் நடுகிறார்கள். எண்ணிப் பார்த்தால் ஊரின் வயது தெரிந்துவிடும். யுனெஸ்கோ 2011இல் கொன்சோ நிலப்பரப்பை உலக மரபுடைமையாக அறிவித்தது.

இனி நம் பக்கம். கிளமெண்டி காப்பிக்கடையில் ‘கோப்பி ஓ’ என்று கேட்டால் கிடைக்கும் கருங்காப்பி, பெரும்பாலும் ரோபஸ்டா கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்தது. ரோபஸ்டா நடு ஆப்பிரிக்கக் காடுகளின் செடி. ஐரோப்பியர் அதைப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே விக்டோரியா ஏரிக்கரையில் புகாண்டா மக்கள் அதை வளர்த்து, அவித்து உலர்த்தி, மென்று வந்தார்கள். இருவர் உடன்பிறவா சகோதரர் ஆக வேண்டுமென்றால், ஒரே பழத்துக்குள் இருக்கும் இரண்டு கொட்டைகளையும் பிரித்து, ஆளுக்கொன்றில் தன் இரத்தத்தைத் தடவி, மற்றவர் கொட்டையை வாங்கி விழுங்குவார்கள். அதன்பின் அவர்கள் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

காப்பி நம்மை வந்தடைந்த வழியில் தமிழர் கண்ணீரும் உண்டு. இலங்கையின் காப்பித் தோட்டங்களில் தமிழ்க் கூலிகள் பாடுபட்ட காலத்தில், 1869இல் இலைத்துரு நோய் வந்து எத்தியோப்பிய அராபிகா செடிகளைச் காலப்போக்கில் அழித்தது. மலாயாவில் லைபீரியாவின் காப்பியை நட்டார்கள். அங்கும் தமிழர்களைத்தான் இறக்கினார்கள். விலை விழுந்ததும் ரப்பர் வந்தது. ரப்பருக்குப் பிறகு செம்பனை. அதுவும் மேற்கு ஆப்பிரிக்காவின் மரம். 1870களில் சிங்கப்பூர்ப் பூமலைக்கு (தாவரவியல் பூங்காவுக்கு) வந்தது. 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிகப் பயிராயிற்று. கானாவின் கிந்தம்போ மக்கள் தட்டைப்பயறோடு சேர்த்துச் செம்பனைக் கொட்டையையும் உடைத்து வைத்திருந்தார்கள்; நம் பாட்டன் பாட்டிகள் தோட்டத்தில் குலை வெட்டியபோது அந்த மரத்தின் வயது யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. தோட்ட வரலாறு எழுதும் நம் எழுத்தாளர்கள் துரைமார் பெயர்களைத் தேதியோடு குறிக்கிறார்கள். மரத்தை மனிதருக்குப் பழக்கிய மேற்கு ஆப்பிரிக்கருக்கும் அதில் ஒரு பத்தி வேண்டும்.

அடுத்த வாரம் கில்வா. தான்சானியாக் கரையோரத் தீவு ஒன்றில் சொந்தமாகச் செப்புக் காசு அடித்த அந்த நகர அரசின் காசுகள், 1944இல் ஆஸ்திரேலியாவின் வடகரைத் தீவு ஒன்றில் ஒரு படைவீரர் கையில் கிடைத்தன.

(தொடரும்)