கொடிவழியும் இனிஷியலும்

1620இல் ‘மேஃபிளவர்’ கப்பலில் அமெரிக்கா போய் இறங்கியவர்கள் சுமார் நூறு பேர். அவர்கள் வழிவந்தவர்கள் 1897இல் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்தார்கள். அதில் சேர, ‘நாங்க அந்த வம்சம்’ என்று வாயால் சொன்னால் போதாது. தலைமுறை தலைமுறையாக ஆவணம் காட்ட வேண்டும். சிங்கப்பூர்த் தமிழரிடம் அப்படிக் கேட்டால் எத்தனை பேர் தேறுவோம்?

நமக்கும் ஒரு கப்பல் உண்டு. 1819 மே இறுதியில் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை இங்கே வந்தபோது, ‘இந்தியானா’ கப்பலில் பினாங்கிலிருந்து கூட வந்தவர் நாராயண பிள்ளை. செங்கல் சூளை போட்டார். பினாங்குக்குக் கடிதம் எழுதிக் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். துணிக்கடை வைத்தார், 1822இல் அது தீயில் போனது. கடனாளியாகி மீண்டும் எழுந்தார். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மரத்தாலும் அத்தாப்பாலும் அவர் கட்டிய கோயில்தான் இன்றைய ஸ்ரீ மாரியம்மன் கோயில்.

2019இல், இருநூறாண்டு நிறைவை ஒட்டி சிங்கப்பூர் ஆற்றங்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். கூடவே டான் டோக் செங்குக்கும். அவரும் 1819இல் மலாக்காவிலிருந்து வந்து காய்கறி விற்றுப் பிழைத்தவர்தான். அவர் மகன் டான் கிம் சிங், கிம் சிங்கின் பேரன் டான் பூ லியாட் என்று நூல் பிடித்த மாதிரி இறங்கி வரலாம். ‘டான்’ என்கிற குடும்பப்பெயரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. நாராயண பிள்ளையின் பேரன் யார் என்று தேக்காவில் கேட்டுப் பாருங்கள். ‘பிள்ளை’ குடும்பப்பெயர் இல்லையே, ஆயிரம் குடும்பங்களுக்குப் பொதுவான சாதிப்பட்டம்.

இனிஷியல் ஒரு தலைமுறையைத்தான் தாங்கும். அடையாள அட்டையில் வரும் எஸ்/ஓ, டி/ஓ கதையும் அதுதான். அப்பா பெயரோடு சரி. அடுத்த பிறப்பில் தாத்தா உதிர்ந்துவிடுவார். அம்மா ஏறவே மாட்டார். பெருமாள் கோயிலில் பி.ஜி.பி. மண்டபத்தில் எத்தனை கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டிருப்போம்! சிராங்கூன் சாலை ஜவுளி வியாபாரி கோவிந்தசாமி பிள்ளை பெயர் அது. முன்னால் நிற்கிற ‘பி’ யாருன்னு யோசிச்சிருக்கோமா?

இதற்காகப் பட்டத்தை மீட்டெடுக்கலாமா என்றால், கூடாது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களைக் கைவிடச் சொன்னது. அந்த ஆண்டுக் கடைசியில் மலாயா புறப்பட்ட பெரியார் சிங்கப்பூருக்கும் வந்தார். 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. பட்டத்தை உதறியவர்கள் தெரிந்துதான் உதறினார்கள். அது இழப்பல்ல.

உதறாதவர்களும் இருக்கிறார்கள். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் மலாக்கா செட்டிகளைப் பற்றிக் கண்காட்சி நடத்தியது. சுல்தான்கள் காலத்தில் மலாக்காவுக்கு வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வழியினர் அவர்கள். பிள்ளை, நாயக்கர், படையாச்சி போன்றவை அவர்களிடம் குடும்பப்பெயராகவே தொடர்கின்றன. ஆனால் வீட்டுப்பேச்சு மலாய். முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பதை ‘பர்ச்சு’ என்கிறார்கள், நம்மூர்ப் படையலேதான். அவர்களிடம் வம்சப்பெயர் நின்றது, தமிழ் நழுவியது. நம்மிடம் தமிழ் நின்றது, வம்சம் மூன்றாம் தலைமுறையில் மங்குகிறது.

பெயர் சுமக்காததைத் தாள் சுமக்கட்டும். ரஜூலா கப்பலில் வந்த தலைமுறையில் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிடணும்: அவங்க பிறந்த ஊர், கப்பலேறின வருஷம், எல்லாத்துக்கும் முன்னாடி அவங்க அம்மா பேரு. இனிஷியல் போடாமல், முழுசா.